'ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் டூ ஹவர்ஸ்': பெர்ஃபெக்ட் கன்டினியூஸ் பழுதாகும் இடங்கள்

மற்றவர்கள் ஆங்கிலத்தில் எழுதியதைத் திருத்துவதுதான் பல வருஷமாக என் பிழைப்பு. மெயில், விண்ணப்பம், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், சில சமயம் ராஜினாமாக் கடிதம்கூட. எதை எடுத்தாலும் ஒரு இடத்தில் பேனா நின்றுவிடும்: 'ஹேவ் பீன்' வரவேண்டிய இடம். ஒரு காரியம் தொடங்கி நீண்டு வந்திருப்பதைச் சொல்லும் இந்த வினையுருவத்துக்குத்தான் பெர்ஃபெக்ட் கன்டினியூஸ் என்று பெயர். அங்கே அது வராமல் போயிருக்கும்; இல்லையென்றால் வரக்கூடாத இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். எழுதியவருக்குச் சூத்திரம் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'ஹேவ் அல்லது ஹேஸ், அப்புறம் பீன், அப்புறம் இங் சேர்ந்த வினை' என்று ஒப்பித்துவிடுவார். எழுதும்போது மட்டும் வராது. காரணம், அந்த வாக்கியம் மனசில் முதலில் தமிழாகப் பிறந்திருக்கும். அந்தத் தமிழ் வாக்கியத்தின் ஏதோ ஒரு உறுப்பு ஆங்கிலத்தைத் தப்பான பக்கம் இழுத்திருக்கும்.

அதனால் சூத்திரத்திலிருந்து தொடங்கப் போவதில்லை. எழுதிய வாக்கியத்தில் எந்தக் கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது. பாதிப் பேருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும்.

கால அளவு இருக்கிறது, ஆனால் 'ஆம், இஸ், ஆர்' வந்து நிற்கிறது

'ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் டூ ஹவர்ஸ்.' 'ஷி இஸ் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்.' இதுதான் தலையாய நோய்.

இதன் பிறப்பிடத்தைப் பாருங்கள். 'மூணு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறாள்.' வினைமுற்று சுத்தமான நிகழ்காலம். கடந்துபோன மூன்று வருஷத்தையும் சுமப்பது 'வருஷமாக' என்பதில் இருக்கும் 'ஆக' மட்டும்தான். வினையைத் தமிழ் தொடுவதே இல்லை. அந்தப் 'பார்க்கிறாள்' நேராக 'இஸ் வொர்க்கிங்' ஆகிவிடுகிறது. இதில் நமக்கு நல்ல துணை உண்டு. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மன்காரரும் 'இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கிறேன்' என்பதை அவரவர் மொழியில் நிகழ்காலத்தில்தான் சொல்கிறார்கள். ஆங்கிலம் படிக்கும்போது அவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள்.

ஆங்கிலத்தில் 'இஸ் வொர்க்கிங்' என்றால் இந்தக் கணத்து நிலவரம். அதற்குப் பின்னால் மூன்று வருஷ வால் இருந்தால் வினையே மாறியாக வேண்டும்: 'ஷி ஹேஸ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்.' மாற்றாமல் விட்டால் அது வெறும் இலக்கணப் பிழையோடு போகாது, பொருளே திரும்பிவிடும். 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்பதை, மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்திருக்கிறேன், முடிந்ததும் கிளம்பிவிடுவேன் என்று ஒருவர் எடுத்துக்கொள்ள முடியும். காலம் பின்னால் நீள்வதற்குப் பதிலாக முன்னால் நீண்டுவிடுகிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுக்கலாமே என்று 'ஹவ் லாங் ஆர் யூ ஹியர்?' என்று கேட்டேன். எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்பது என் கேள்வி. 'டில் ஃப்ரைடே' என்றார், கொஞ்சம் சுருங்கின முகத்தோடு. எப்போது கிளம்புகிறீர்கள் என்று நான் கேட்டதாக அவர் காதில் விழுந்திருக்கிறது. கேட்டிருக்க வேண்டியது 'ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?'. வேலையைப் பற்றிக் கேட்டால் 'ஹவ் லாங் ஹேவ் யூ பீன் வொர்க்கிங் ஹியர்?'. கேள்வியில் 'ஹேவ்' மட்டும்தான் முன்னால் தாவும். 'பீன்' எழுவாய்க்குப் பின்னால் தன் இடத்திலேயே இருக்கும். 'சின்ஸ் ஹவ் லாங் யூ ஆர் வெயிட்டிங்' என்று கேட்கும் பழக்கம் இருந்தால் 'சின்ஸ்' என்பதை அங்கிருந்து தூக்கிவிடுங்கள். 'ஹவ் லாங்' தனியாகவே அந்த வேலையைச் செய்துவிடும்.

சரிசெய்யும் வழி. வாக்கியத்தில் 'இவ்வளவு நேரமாக', 'அன்றிலிருந்து' என்கிற அளவு இருக்கிறதா? அது இந்த நிமிஷம்வரை வந்து தொடுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் 'ஆம், இஸ், ஆர்' மூன்றையும் அடித்துவிட்டு 'ஹேவ் பீன்' அல்லது 'ஹேஸ் பீன்' போடுங்கள். 'இங்' இருக்கட்டும்.

சந்தேகம் வந்தால் தமிழிலேயே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். வினையின் கடைசியில் 'வருகிறேன்' ஒட்டிப் பாருங்கள். 'மூன்று வருஷமாக வேலை பார்த்து வருகிறேன்', 'ஒரு மாதமாக இதை எழுதி வருகிறேன்', 'காலையிலிருந்து முயன்று வருகிறேன்'. செய்தித்தாளில் 'விசாரித்து வருகின்றனர்' என்று எழுதுவார்களே, அதே 'வரு'. அன்று தொடங்கி இன்றுவரை நடந்து வந்திருக்கிறது என்பதை இந்தத் துணைவினை கண்ணில் காட்டிவிடும். ஒட்டினால் காதுக்கு இயல்பாக இருக்கிறதா, பெரும்பாலும் அது 'ஹேவ் பீன்' கேட்கும் வாக்கியம். எல்லாப் பாடத்திலும் உதாரணமாக வரும் 'காத்திரு' இந்தச் சோதனைக்கு மசியாது. அதன் உடம்பிலேயே ஓர் 'இரு' ஒட்டிக்கிடப்பதால் 'காத்திருந்து வருகிறேன்' என்று யாரும் சொல்வதில்லை. அதை விதிவிலக்காக நெட்டுருப் போட்டுவிடுங்கள்.

'சின்ஸ் டூ ஹவர்ஸ்', 'ஃபார் மண்டே', 'சின்ஸ் லாங்'

'ஃபார்', 'சின்ஸ்' இரண்டுக்குமான வேறுபாட்டை ஆங்கில வகுப்பில் விழுந்து விழுந்து சொல்லித்தருவார்கள். தமிழில் அது ஏற்கெனவே இருக்கிறது என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். 'ஆக' என்று முடிந்தால் 'ஃபார்'. 'இலிருந்து' என்றோ 'முதல்' என்றோ முடிந்தால் 'சின்ஸ்'. அவ்வளவுதான். மூன்று நாளாக, ரொம்ப நேரமாக, பல வருஷமாக: எல்லாம் 'ஃபார்'. திங்கட்கிழமையிலிருந்து, 2019 முதல், சின்ன வயசிலிருந்து: எல்லாம் 'சின்ஸ்'.

இந்தி பேசுகிறவருக்கு இந்த வசதி கிடையாது. இரண்டு மணி நேரமாக என்பதற்கும் திங்கட்கிழமையிலிருந்து என்பதற்கும் அவர் 'சே' என்ற ஒரே உருபைத்தான் போட வேண்டும். அவர் 'சின்ஸ் டூ ஹவர்ஸ்' என்றால் காரணம் புரிகிறது. நமக்குச் சாக்கு இல்லை. சுற்றிலும் கேட்டுக் கேட்டு நாக்கில் தொற்றிக்கொண்டதுதான். 'சின்ஸ் லாங்' என்பதும் அப்படி ஒட்டியதே. 'ரொம்ப நாளாக' என்பதில் 'ஆக' இருப்பதைப் பார்த்தாலே 'ஃபார் எ லாங் டைம்' என்று கை தானாக எழுதும்.

'இலிருந்து' சில சமயம் 'ஃப்ரம்' என்றும் வந்துவிடுகிறது: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃப்ரம் 2019.' தொடங்கின புள்ளியிலிருந்து இன்றுவரை ஓடுகிற காரியத்துக்கு 'சின்ஸ் 2019' என்று பழகிக்கொள்வதே பத்திரம். இனிமேல் தொடங்கப் போவதற்கு 'ஃப்ரம்' நன்றாகப் பொருந்தும்: 'ஃப்ரம் மண்டே ஐ வில் பி வொர்க்கிங் அட் ஹோம்.'

'சின்ஸ்' என்பதற்குப் பின்னால் முழு வாக்கியமே வந்தால், அந்தத் தொடக்க நிகழ்ச்சி சாதாரண இறந்தகாலத்தில் இருக்கட்டும். 'ஐ ஹேவ் பீன் லேர்னிங் எ லாட் சின்ஸ் ஐ ஜாயின்ட்.' சேர்ந்தது ஒரு நாளில் முடிந்துபோன காரியம். அங்கே இன்னொரு 'ஹேவ்' தேவையில்லை.

'ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்'

முதல் தலைப்பில் மருந்து சாப்பிட்டவர்களுக்கு வரும் பக்கவிளைவு இது. கால அளவைக் கண்டதும் 'ஹேவ் பீன்', 'இங்' இரண்டையும் அள்ளிப் போட்டுவிடுவார்கள். 'ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்.' பிழை. 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்' என்பதே சரி.

அறிதல், பிடித்தல், நம்புதல், சொந்தமாக இருத்தல் போன்றவை செயலாக நடப்பதில்லை, நிலையாக இருப்பவை. இவை சாதாரணமாக 'இங்' உருவத்தில் நிற்காது. ஆங்கில இலக்கணத்தில் இவற்றுக்கு 'ஸ்டேட்டிவ் வெர்ப்' என்று பெயர். நீளமான பட்டியலும் உண்டு. பட்டியலை நான் யாரையும் மனப்பாடம் செய்யச் சொன்னதில்லை, ஏனென்றால் தமிழ்க் காது இதில் பெரும்பகுதியை முன்பே பிரித்து வைத்திருக்கிறது. தெரியும், பிடிக்கும், புரியும் ஆகியவற்றின் விநோதத்தைக் கவனியுங்கள். இவை 'நான்' என்று தொடங்காமல் 'எனக்கு' என்று தொடங்குகிறவை. 'எனக்கு அவரைப் பத்து வருஷமாகத் தெரியும்.' இதில் 'வருகிறேன்' ஒட்டிப் பாருங்கள். 'தெரிந்து வருகிறேன்' என்று சொன்னால் எதிரே இருப்பவர் சிரிப்பார். ஒட்டவில்லை என்றால் 'இங்' இல்லை. 'எனக்கு' வினைகள் கிட்டத்தட்ட எல்லாமே இந்தக் கூட்டம்தான்.

ஏமாற்றுவது 'வைத்திருக்கிறேன்'. 'அஞ்சு வருஷமாக இந்தக் காரை வைத்திருக்கிறேன்' என்பதில் 'இருக்கிறேன்' இருப்பதால் 'ஐ ஹேவ் பீன் ஹேவிங் திஸ் கார்' என்று எழுதத் தோன்றும். சரியானது 'ஐ ஹேவ் ஹேட் திஸ் கார் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. 'ஹேவ் ஹேட்' என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துப் பலர் பயந்து ஒன்றை அடித்துவிடுகிறார்கள். அடிக்காதீர்கள், அது தப்பில்லை. அதே சமயம், 'ஹேவிங்' என்றாலே பிழை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 'ஐ ஹேவ் பீன் ஹேவிங் ட்ரபிள் வித் மை லேப்டாப்' நூற்றுக்கு நூறு சரி. உடைமை என்றால் நிலை. தொல்லையை அனுபவிப்பது என்றால் நாளாந்தம் நடக்கிற காரியம்.

என் 'வருகிறேன்' சோதனை தோற்கும் ஓர் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். 'மூன்று வருஷமாகக் காதலித்து வருகிறேன்' தமிழில் ஜோராக ஒட்டும். ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் லவ்ட் ஹெர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்றோ 'ஐ ஹேவ் பீன் இன் லவ் வித் ஹெர்' என்றோதான் எழுத வேண்டும். நமக்குக் காதல் செய்கிற காரியம், அவர்களுக்கு விழுந்து கிடக்கிற நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நம்பி வருகிறேன்' என்பதும் இதே கதை. எதிர்ப்பக்கம், 'வான்ட்' நிலைவினை என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும்; ஆனால் 'ஐ ஹேவ் பீன் வான்டிங் டு மீட் யூ' என்று பேச்சில் தாராளமாகச் சொல்கிறார்கள். ரொம்ப நாளாகக் கேட்கணும் கேட்கணும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதற்கு 'ஐ ஹேவ் பீன் மீனிங் டு ஆஸ்க் யூ' என்பதைவிட அழகான ஆங்கிலம் எனக்குத் தெரியாது.

'பீன்' இடத்தில் 'பீயிங்'

'ஐ ஹேவ் பீயிங் வெயிட்டிங்.' இது காதுக் கோளாறு. வேகமாகப் பேசும்போது 'பீன்' என்பது 'பின்' என்று சுருங்கும். அமெரிக்கர் வாயில் அது பெரும்பாலும் 'பின்' மாதிரிதான். சரியாகக் கேட்காததைக் கை தனக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலால் நிரப்பிவிடுகிறது. 'பீன்' என்பதா 'பீயிங்' என்பதா என்று சந்தேகம் வந்தால், 'ஹேவ், ஹேஸ், ஹேட்' இவற்றை ஒட்டி அடுத்து வருவது எப்போதும் 'பி, ஈ, ஈ, என்' என்ற நாலு எழுத்துதான். 'இங்' ஒரே தடவை, கடைசி வினையில்.

'இங்' விழுந்துவிட்டது, பொருள் தலைகீழானது

'ஐ ஹேவ் பீன் வெயிட் ஹியர்' என்றால் யாருக்கும் புரிந்துவிடும். எழுத்துப்பிழை என்று கடந்துபோவார்கள். ஆபத்து, 'இங்' இருக்க வேண்டிய இடத்தில் வினையின் மூன்றாம் உருவம் வந்துவிடும்போதுதான். 'ஐ ஹேவ் பீன் டீச்சிங் ஃபார் டென் இயர்ஸ்' என்றால் பத்து வருஷமாகச் சொல்லித்தருகிறேன். 'ஐ ஹேவ் பீன் டாட்' என்றால் எனக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். ஆசிரியர் மாணவராகிவிட்டார். வேலை விண்ணப்பம் ஒன்றில் 'ஐ ஹேவ் பீன் ட்ரெயின்ட் நியூ ஸ்டாஃப்' என்று பார்த்தேன். பயிற்சி கொடுத்தவரா பெற்றவரா என்று தேர்வு செய்கிறவர் குழம்பியிருப்பார். 'பீன்' என்பதற்குப் பின்னால் 'இங்' வந்தால் செய்கிறவர் எழுவாய். மூன்றாம் உருவம் வந்தால் எழுவாய் மேல் அது செய்யப்பட்டிருக்கிறது. விண்ணப்பம் அனுப்பும் முன் 'பீன்' என்ற சொல்லைத் தேடி, அதற்கு அடுத்த சொல்லை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். ஐந்து நிமிஷ வேலை.

'ஐ ஹேவ் பீன் ரைட்டிங் த்ரீ லெட்டர்ஸ்'

எண்ணிக்கை வந்தால் 'இங்' வெளியே போகும். எவ்வளவு நேரமாக என்றால் 'ஹேவ் பீன் ரைட்டிங்'. எத்தனை முடிந்தது என்றால் 'ஹேவ் ரிட்டன்'. 'ஐ ஹேவ் பீன் ரைட்டிங் ஆல் மார்னிங். ஐ ஹேவ் ரிட்டன் த்ரீ லெட்டர்ஸ்.' காலை முழுக்க எழுதுகிறேன், மூன்று கடிதம் முடிந்திருக்கிறது. தமிழிலும் அப்படித்தான் பிரிகிறது, 'முடிந்திருக்கிறது' என்று. 'ஐ ஹேவ் பீன் ரீடிங் யுவர் ரிப்போர்ட்' என்று மேலதிகாரிக்கு எழுதினால், இன்னும் படித்து முடிக்கவில்லை என்று அவர் நினைக்க இடம் உண்டு. முடித்துவிட்டீர்கள் என்றால் 'ஐ ஹேவ் ரெட்' என்று சொல்லி நற்பெயர் வாங்கிக்கொள்ளுங்கள்.

காரியம் நின்றுவிட்டதே, இன்னும் 'ஹேஸ் பீன்' போடலாமா?

போடலாம். மழை விட்டுவிட்டது, தரை நனைந்திருக்கிறது. 'இட் ஹேஸ் பீன் ரெயினிங்.' ஒருவர் மூச்சு வாங்க வருகிறார். 'ஹேவ் யூ பீன் ரன்னிங்?' ஓட்டம் நின்றுவிட்டது, தடயம் நிற்கிறது. இந்தப் பயன்பாட்டில் கால அளவே தேவையில்லை. 'ஃபார்', 'சின்ஸ்' இல்லாத பெர்ஃபெக்ட் கன்டினியூஸ் வாக்கியத்தைப் பார்த்து ஏதோ விட்டுப்போய்விட்டது என்று திருத்தக் கூடாது.

இங்கேதான் நம் இலக்கணப் புத்தகங்களில் வரும் அந்த வினோதத் தமிழ் உயிர் பெறுகிறது. இந்த டென்ஸுக்கு அவை கொடுக்கும் மொழிபெயர்ப்பு 'செய்துகொண்டிருந்திருக்கிறேன்'. வாயில் நுழையாத இந்த உருவத்தை யார் பேசுகிறார்கள் என்று பள்ளியில் சிரித்திருப்போம். பேசுகிறோம். 'இத்தனை நாளும் அவன் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்!' உண்மை தெரியவந்த அந்த நொடியில் இந்த நீண்ட வினை தானாக வரும். அதுவே 'ஹி ஹேஸ் பீன் லையிங் டு மீ ஆல் திஸ் டைம்'. தடயத்தைப் பார்த்துப் பின்னால் நடந்ததை ஊகித்துச் சொல்லும்போது இரண்டு மொழியும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. புத்தகத்தின் தப்பு, அந்தத் தமிழை எல்லா வாக்கியத்துக்கும் போட்டது. பேருந்துக்காக நிற்கிறவன் 'காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்' என்று சொல்ல மாட்டான், ஊகிக்க அவனுக்கு ஒன்றும் இல்லை.

'ஐ ஹேவ் பீன் மேரியிங் ஃபார் த்ரீ இயர்ஸ்'

மூன்று வருஷமாக ஒவ்வொருவராகக் கல்யாணம் செய்துகொண்டே இருக்கிறேன் என்று ஆகிவிடும். சொல்ல வந்தது 'கல்யாணம் ஆகி மூணு வருஷம் ஆகிறது'. இப்படி 'ஆகி... ஆகிறது' என்று வரும் தமிழ் வாக்கியத்தில், நடந்த காரியம் ஒரு நொடியில் முடிந்தது. நீள்வது அதன் பிறகான நிலைதான். ஆகவே நிலையைச் சொல்லுங்கள்: 'ஐ ஹேவ் பீன் மேரிட் ஃபார் த்ரீ இயர்ஸ்.' 'அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது' என்பது 'ஹி ஹேஸ் பீன் டெட் ஃபார் டூ இயர்ஸ்'; மென்மையாகச் சொல்ல 'ஹி டைட் டூ இயர்ஸ் அகோ'. 'ஹேஸ் பீன் டையிங்' என்றால் இரண்டு வருஷமாக உயிர் ஊசலாடுகிறது. இரங்கல் மெயிலில் செய்யக்கூடாத தவறு.

நொடியில் முடியும் வினைக்கு 'இங்' போட்டால் அது திரும்பத் திரும்ப நடப்பதாகப் பொருள். வேண்டுமென்றே அப்படிச் சொல்லலாம்: 'ஐ ஹேவ் பீன் காலிங் ஹிம் சின்ஸ் மார்னிங்.' ஒரே அழைப்பு காலையிலிருந்து ஓடவில்லை. பத்துத் தடவை அடித்தாயிற்று, எடுக்கவில்லை.

'அவரோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது' என்பதும் இந்த வார்ப்புதான், ஆனால் உள்ளே ஓர் 'இல்லை' ஒளிந்திருக்கிறது. 'ஐ ஹேவ் நாட் ஸ்போக்கன் டு ஹிம் ஃபார் டூ இயர்ஸ்' என்று 'இங்' இல்லாமல் சொல்லுங்கள். 'ஹேவ் நாட் பீன் ஸ்பீக்கிங்' என்றால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், ஏதோ மனத்தாங்கல் என்ற வாடை அடிக்கும்.

பக்கத்திலேயே 'எஸ்டர்டே', 'அகோ', 'லாஸ்ட் இயர்'

முடிந்துபோன காலத்துக்கு 'ஹேவ்' கூடாது. 'ஐ வாஸ் வெயிட்டிங் எஸ்டர்டே.' முன்னால் 'சின்ஸ்' வந்தால் கதை வேறு: 'சின்ஸ் எஸ்டர்டே' இன்றைத் தொடுகிறது, அதற்கு 'ஹேவ் பீன்' வேண்டும்.

எதற்கெடுத்தாலும் 'ஹேட் பீன்'

கொஞ்சம் இலக்கணம் கற்றவர்களிடம் இது அதிகம். 'லாஸ்ட் இயர் ஐ ஹேட் பீன் கோயிங் டு த ஜிம்.' சும்மா 'போய்க்கொண்டிருந்தேன்' என்பதற்கு இவ்வளவு கனமான வினை எதற்கு? 'இருந்தேன்' என்பதைக் கண்டதும் 'ஹேட்' போட வேண்டும் என்று ஓர் எண்ணம். 'நேற்று லைப்ரரிக்குப் போயிருந்தேன்' என்பதைக்கூட 'ஐ ஹேட் கான்' என்று எழுதுகிறார்கள். 'ஐ வென்ட்' போதும்.

'ஹேட் பீன்' நிற்க இரண்டு முளை வேண்டும். கடந்த காலத்தில் ஒரு நிகழ்ச்சி; அதுவரை நீண்டு வந்த இன்னொரு காரியம். 'வென் த பஸ் கேம், ஐ ஹேட் பீன் வெயிட்டிங் ஃபார் ஃபார்ட்டி மினிட்ஸ்.' பேருந்து வந்தது முதல் முளை, நாற்பது நிமிஷம் இரண்டாவது. நாற்பது நிமிஷத்தைப் பிடுங்கிவிட்டால் 'ஐ வாஸ் வெயிட்டிங் வென் த பஸ் கேம்' என்பதே இயல்பு. வந்த நொடியின் புகைப்படம் மாதிரி. முதல் முளையையே பிடுங்கிவிட்டால் 'ஹேட் பீன்' அந்தரத்தில் தொங்கும், வாசிக்கிறவர் 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று காத்திருப்பார்.

முதல் முளை முந்தின வாக்கியத்திலேயே இருக்கலாம். 'ஹர் ஐஸ் வேர் ரெட். ஷி ஹேட் பீன் க்ரையிங்.' மழையும் ஈரத் தரையும் போல இது தடயக் கதைதான், ஒரு படி பின்னால் தள்ளியிருக்கிறது.

'வில் ஹேவ் பீன்' எழுதவே கை வரவில்லை

அதிகம் வரவும் வேண்டாம். வருஷத்துக்கு நாலைந்து தடவை தேவைப்பட்டால் அதிகம். தேவைப்படும்போது அனேகமாக இந்த அச்சில்தான் வரும்: 'பை நெக்ஸ்ட் ஜூன், ஐ வில் ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்.' தமிழில் இதை 'வருகிற ஜூன் வந்தால் இங்கே சேர்ந்து பத்து வருஷம் ஆகும்' என்போம். 'பை' என்றொரு கெடு, 'ஃபார்' என்றோர் அளவு, இரண்டும் வேண்டும். அளவு இல்லையென்றால் 'வில் பி வொர்க்கிங்' என்று இறக்கிவிடுங்கள். 'ஷி வில் ஹேஸ் பீன்' கிடையாது. 'வில்' முன்னால் நின்றால் யாராக இருந்தாலும் 'ஹேவ்'. 'பை த டைம் யூ வில் கம்' என்பதும் கிடையாது; 'பை த டைம் யூ கம்'.

புத்தகம் இதற்குக் கொடுக்கும் 'செய்துகொண்டிருந்திருப்பேன்' என்ற தமிழ்தான் கையைக் கட்டிப்போடுகிறது. அந்தத் தமிழ் உண்மையில் எதிர்காலமே இல்லை. 'நீ கூப்பிட்டபோது அவன் தூங்கிக்கொண்டிருந்திருப்பான்' என்றால் நடந்து முடிந்ததைப் பற்றிய ஊகம். அதற்கு 'ஹி மஸ்ட் ஹேவ் பீன் ஸ்லீப்பிங்' என்று சொல்வது சுலபம்.

ஒரு மெயில், எல்லா நோயும் சேர்ந்தது

அடிக்கடி என்னிடம் வருகிற மாதிரியில் நானே ஒன்று கட்டித் தருகிறேன். 'ஐ ஆம் யூசிங் திஸ் சாஃப்ட்வேர் சின்ஸ் த்ரீ இயர்ஸ். ஃப்ரம் லாஸ்ட் வீக் இட் இஸ் க்ராஷிங். ஐ ஹேவ் பீன் ரீஇன்ஸ்டாலிங் இட் டூ டைம்ஸ். எஸ்டர்டே ஐ ஹேட் பீன் காலிங் யுவர் சப்போர்ட் டீம். ஐ ஆம் நாட் கெட்டிங் எனி ரிப்ளை டில் நவ்.'

மூன்று வருஷமாகப் பயன்படுத்தி வருகிறேன்: 'வருகிறேன்' ஒட்டுகிறது, 'ஆக' இருக்கிறது. 'ஐ ஹேவ் பீன் யூசிங் திஸ் சாஃப்ட்வேர் ஃபார் த்ரீ இயர்ஸ்.' போன வாரத்திலிருந்து: 'இலிருந்து', ஆகவே 'சின்ஸ்'. க்ராஷ் ஆவது நொடிக் காரியம், திரும்பத் திரும்ப நடக்கிறது. 'இட் ஹேஸ் பீன் க்ராஷிங் சின்ஸ் லாஸ்ட் வீக்.' இரண்டு தடவை என்று எண்ணிக்கை வந்துவிட்டது, 'இங்' வெளியே. 'ஐ ஹேவ் ரீஇன்ஸ்டால்ட் இட் ட்வைஸ்.' நேற்று என்பது முடிந்த காலம், இரண்டாவது முளையும் இல்லை. 'ஐ கால்ட் யுவர் சப்போர்ட் டீம் எஸ்டர்டே.' கடைசி வாக்கியம் 'இன்னும் பதில் வரவில்லை' என்று தமிழில் பிறந்தது. வராத ஒன்று ஓடிக்கொண்டிருக்க முடியாது. 'ஐ ஹேவ் நாட் ஹேட் எ ரிப்ளை யெட்.'